அப்பலாச்சியன் நெடும்பாதை: மார்ச் முதல் செப்டம்பர் வரை

அப்பலாச்சியன் நெடும்பாதை அமெரிக்காவின் கிழக்கு மலைத்தொடரை ஒட்டி, தெற்கே ஜார்ஜியா மாநிலத்தின் ஸ்பிரிங்கர் மலையில் தொடங்கி, 14 மாநிலங்களைக் கடந்து, வடக்கே மெய்ன் மாநிலத்தின் கட்டாடின் சிகரத்தில் முடிகிறது. நீளம் சுமார் 3,530 கிலோமீட்டர். இப்படியொரு பாதை வேண்டும் என்று 1921-இல் பென்டன் மெக்கே ஒரு கட்டுரையில் முன்மொழிந்தார். 1937-இல் பாதை முழுமையடைந்தது. ஒரே பயணத்தில் முழுத் தொலைவையும் நடந்து முடித்ததாக முதலில் அறிவித்தவர் ஏர்ல் ஷாஃபர், ஆண்டு 1948. அதன்பின் ஆண்டுதோறும் ஏராளமானோர் அந்த முயற்சியில் இறங்குகிறார்கள். ஐந்து முதல் ஏழு மாதம் பிடிக்கும் நடை இது. முடிப்பவர்கள் ஏறத்தாழ நால்வரில் ஒருவர்தான். உடல் வலிமை மட்டும் அதைத் தீர்மானிப்பதில்லை. தண்ணீர், உணவு, பாதம், தூக்கம் என்னும் நான்கையும் ஒவ்வொரு நாளும் சரியாகக் கவனிப்பவரே வடமுனையை அடைகிறார். தெற்கிலிருந்து வடக்கே செல்லும் ஒரு நடைக்காலம் மாத வரிசையில் இங்கே பதிவாகிறது.

மார்ச், ஜார்ஜியா

வடக்கு நோக்கி நடப்பவர்களில் பெரும்பாலோர் மார்ச், ஏப்ரல் மாதங்களில் புறப்படுகிறார்கள். மெய்னில் குளிர் இறுகுவதற்குள் போய்ச் சேரவேண்டும் என்பதே காரணம். மரங்களில் இலை இல்லை. இரவில் தண்ணீர் உறைகிறது. முதுகுப்பையில் கூடாரம், தூக்கப்பை, தரையில் விரிக்கும் மெத்தை, சிறிய கேஸ் அடுப்பு, ஒரு பாத்திரம், நீர்வடிகட்டி, மழையங்கி, மாற்றுக் காலுறைகள், சில நாள் உணவு ஆகியவை இருக்கும்.

வழிகாட்டுவது வெள்ளைப் பட்டை. 5 சென்டிமீட்டர் அகலமும் 15 சென்டிமீட்டர் உயரமும் கொண்ட இந்தப் பட்டை மரத்திலும் பாறையிலும் கம்பத்திலும் தீட்டப்பட்டிருக்கிறது. ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு பட்டைகள் தெரிந்தால் பாதை திரும்புகிறது, கவனம் தேவை என்று பொருள். நீர்நிலைக்கும் கொட்டகைக்கும் பிரியும் கிளைவழிகளில் நீலப் பட்டை இருக்கும்.

முதல் வாரத்தில் ஒருவர் நாளொன்றுக்கு 12 முதல் 15 கிலோமீட்டர் நடப்பதே போதுமானது. தசை சில வாரத்தில் பழகிவிடும்; தசைநாண்களும் மூட்டுகளும் பழக மாதங்கள் ஆகும். ஆர்வத்தில் தொடக்கத்திலேயே வேகம் காட்டுபவருக்கு முழங்காலும் கணுக்காலும் முதலில் பழுதாகின்றன. ஏறத்தாழ 50 கிலோமீட்டரில் வரும் நீல் கணவாயில் மலைநடைப் பொருள்கள் விற்கும் கடை உண்டு. பாதை அந்தக் கல் கட்டடத்தின் ஊடாகவே செல்கிறது. பலர் இங்கே பையைப் பிரித்து, கூடுதல் உடைகளையும் கனமான பாத்திரங்களையும் தபாலில் வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். எது தேவை, எது தேவையில்லை என்பதை அந்தச் சில நாள் தோள்வலி சொல்லிக்கொடுத்திருக்கும்.

ஏப்ரல், ஸ்மோக்கி மலைகள்

வட கரோலினா, டென்னசி மாநிலங்களின் எல்லை வழியே பாதை கிரேட் ஸ்மோக்கி மலைகள் தேசியப் பூங்காவுக்குள் நுழைகிறது. பாதையின் மிக உயர்ந்த இடமான குவோஹி இங்கேதான் இருக்கிறது. உயரம் 2,025 மீட்டர். நெடுங்காலம் கிளிங்மன்ஸ் டோம் எனப்பட்ட இந்தச் சிகரம், செரோக்கி மக்களின் கோரிக்கையை ஏற்று, 2024-இல் அவர்கள் வழங்கிவந்த பழைய பெயரைத் திரும்பப் பெற்றது. ஏப்ரலிலும் இந்த உயரத்தில் பனி பொழியலாம்.

நாள் வெளிச்சத்தோடு தொடங்குகிறது. தூக்கப்பையை விட்டு எழுந்ததும் உணவுப்பையை இறக்கவேண்டும். கருங்கரடிகள் உணவு வாசனை தேடி வருவதால், இரவில் சாப்பாட்டுப் பொருள்களோடு பற்பசையையும் சேர்த்துக் கம்பியில் உயரக் கட்டித் தொங்கவிடுவது இங்கே கட்டாயம். ஓட்ஸ் கஞ்சியும் காப்பியும் முடிந்ததும் பையைக் கட்டுகிறார்கள். தூக்கப்பை அடியில், உணவு நடுவில், மழையங்கி மேலே என்ற வரிசை நாள்தோறும் மாறாது. திடீரென மழை பிடித்தால் கை தேடாமல் எடுக்க இந்தப் பழக்கம் உதவும்.

பாதை நெடுக 250-க்கு மேற்பட்ட கொட்டகைகள் உள்ளன. மூன்று பக்கச் சுவர், சரிந்த கூரை, உயர்த்திய மரத்தளம் என்பதே பொதுவான அமைப்பு. முன்பதிவு பெரும்பாலும் இல்லை. முதலில் வந்தவருக்கு முதலில் இடம். ஒவ்வொன்றிலும் ஒரு குறிப்பேடு இருக்கும். வந்த நாள், அடுத்த இலக்கு, வறண்ட ஊற்று, கரடி நடமாட்டம் போன்றவற்றை அதில் எழுதிவைப்பார்கள். பின்னால் வருபவருக்கு அது செய்தித்தாள். யாராவது காணாமல் போனால் தேடுபவருக்கு அது தடயம். கையொப்பமாக இடுவது பெரும்பாலும் பாதைப்பெயரைத்தான். சக பயணிகள் சூட்டும் அந்தப் பெயரிலேயே மாதக்கணக்கில் ஒருவரையொருவர் அறிந்திருப்பார்கள்.

மே, வர்ஜீனியா

பாதையின் ஏறத்தாழ கால் பகுதி வர்ஜீனியாவில் இருக்கிறது. இலை தழைத்துவிட்டதால் நாள் முழுதும் பச்சைக் கூரையின்கீழ் நடை. உடல் பழகிவிட்டது, ஒரு நாளில் 25 முதல் 30 கிலோமீட்டர் நடக்க முடிகிறது. பசியும் அதற்கேற்பப் பெருகுகிறது. சுமையோடு மலையேறும் உடல் நாளொன்றுக்கு 4,000 கலோரிக்கு மேல் செலவிடுகிறது. அதை முழுதும் ஈடுகட்டும் அளவுக்கு உணவைச் சுமக்க முடியாது என்பதால் பலரும் எடை இழக்கிறார்கள்.

ஆகவே எடை குறைந்த, சத்து செறிந்த உணவுகளே பைக்குள் போகின்றன: வேர்க்கடலை வெண்ணெய், டோர்ட்டியா ரொட்டி, பாலாடைக்கட்டி, கொட்டைப்பருப்புகள், உறையில் அடைத்த சூரை மீன். இரவுக்கு நூடுல்ஸ், உருளைக்கிழங்குத் தூள், உடனடி அரிசி ஆகியவற்றில் ஒன்று. அதில் ஆலிவ் எண்ணெய் ஊற்றிக்கொள்வது கலோரியைக் கூட்டும் எளிய வழி. மதியத்தில் அடுப்பு மூட்டுவது அரிது. கிடைத்த பாறையில் அமர்ந்து சாப்பிடும் நேரத்திலேயே ஈரக் காலுறையையும் கூடாரத்தையும் வெயிலில் உலர்த்திவிடுகிறார்கள்.

மூன்று முதல் ஏழு நாளுக்கு ஒருமுறை ஏதாவதொரு ஊர் வரும். நடைப்பயணிகள் பெயருக்கு முன்கூட்டியே வீட்டார் அனுப்பிய பெட்டிகளைச் சிற்றூர்த் தபால் நிலையங்கள் வைத்திருந்து கொடுக்கின்றன. குளியல், துணி துவைத்தல், தொலைபேசிக்கு மின்னேற்றம், நான்கைந்து நாளுக்கான மளிகை, வயிறார ஒரு சாப்பாடு என்று ஊரில் ஒரு நாள் ஓடிவிடும். ஒரு மைல்கூட நடக்காத அந்த நாளுக்குப் பாதையில் பூஜ்ய நாள் என்று பெயர். சாலைக் கடவைகளில் முன்பின் அறியாதவர்கள் பழமும் குளிர்பானமும் வைத்துக்கொண்டு காத்திருப்பதும், ஊர்வரை வண்டியில் ஏற்றிச் செல்வதும் உண்டு. அவர்களைப் பயணிகள் பாதைத் தேவதைகள் என்கிறார்கள். தமஸ்கஸ் என்ற சிற்றூர் 1987 முதல் மே மாதத்தில் நடைப்பயணிகளுக்கென்றே விழா எடுத்துவருகிறது.

ஜூன், ஹார்ப்பர்ஸ் ஃபெர்ரி முதல் பென்சில்வேனியா வரை

மேற்கு வர்ஜீனியாவின் ஹார்ப்பர்ஸ் ஃபெர்ரியில் அப்பலாச்சியன் பாதைக் காப்பமைப்பு இயங்குகிறது. 1925-இல் தொடங்கிய இந்த அமைப்பு, முழுநடைப் பயணிகள் ஒவ்வொருவரையும் படம் எடுத்துத் தொகுப்பில் சேர்க்கிறது. சரிபாதித் தொலைவு இன்னும் வடக்கே, பென்சில்வேனியாவின் பைன் குரோவ் ஃபர்னஸ் பூங்காவுக்கு அருகில் வருகிறது. அங்கே ஏறத்தாழ இரண்டு லிட்டர் ஐஸ்கிரீமை ஒரே அமர்வில் தின்று பாதித்தூரத்தைக் கொண்டாடுவது நெடுநாள் வழக்கம்.

இந்த மாதத்தின் பெரிய கவலை நோய். கோடைக்காலத்தில் மான் உண்ணிகள் பெருகுகின்றன. அவற்றின் கடியால் லைம் நோய் பரவுகிறது. இளம் உண்ணி கசகசா அளவுதான் இருக்கும், கடித்தது வலிக்காது. நோய்க்கிருமி உடலில் ஏறப் பொதுவாக ஒரு நாளுக்கு மேல் உண்ணி ஒட்டியிருக்கவேண்டும். ஆகவே ஒவ்வொரு மாலையும் முழங்கால் மடிப்பு, அக்குள், இடுப்பு, தலைமயிர் ஆகியவற்றைத் தடவிப் பார்த்து, உண்ணி இருந்தால் இடுக்கியால் நேராக இழுத்து எடுத்துவிட்டால் ஆபத்து வெகுவாகக் குறைகிறது. உடைகளில் பெர்மெத்ரின் மருந்து தெளிப்பதும் பயன் தரும்.

தண்ணீர் எவ்வளவு தெளிவாக ஓடினாலும் வடிகட்டியே குடிக்கவேண்டும். ஜியார்டியா கிருமி வயிற்றைக் கெடுத்து வாரக்கணக்கில் படுக்கவைத்துவிடும். கொட்டகைகளில் பரவும் நோரோவைரசுக்கு ஆல்கஹால் கலந்த கைத்திரவம் போதாது, சோப்பும் தண்ணீரும் தேவை. கழிப்பிடம் இல்லாத இடத்தில், நீர்நிலையிலிருந்து குறைந்தது 60 மீட்டர் தள்ளி, 15 முதல் 20 சென்டிமீட்டர் ஆழத்தில் குழி தோண்டி மூடுவது விதி. ஒரே ஊற்றை நம்பி நூற்றுக்கணக்கானோர் நடக்கும் பாதையில் இது மரியாதை சார்ந்த விஷயம் மட்டுமல்ல. எல்லோர் உயிரையும் காக்கும் ஒழுக்கம்.

ஜூலை, பென்சில்வேனியா முதல் நியூயார்க் வரை

வடக்குப் பென்சில்வேனியாவில் மலைமுகடு முழுதும் கூர்முனைக் கற்கள். காலணியின் அடித்தட்டு இங்கே விரைவாகத் தேய்கிறது. முழுநடைக்கு ஒருவருக்கு மூன்று, நான்கு ஜோடிகள் தேவைப்படுகின்றன. நெடுநாள் நடையில் பாதம் விரிந்து நீள்வதால் பலர் அளவிலும் பெரிய காலணிக்கு மாறுகிறார்கள். கொப்புளத்துக்கு மூலகாரணம் உராய்வும் ஈரமும்தான். தோல் சூடேறுவது தெரிந்த கணமே நின்று, காலுறையைக் கழற்றி, அந்த இடத்தில் ஒட்டுத்துணி ஒட்டினால் கொப்புளம் எழாது. இன்னும் சற்றுத் தூரம் போய்ப் பார்க்கலாம் என்று தள்ளிப்போடுபவர் நாள்கணக்கில் நொண்டவேண்டியிருக்கும்.

உடைமை குறைந்திருந்தாலும் நடக்க முடியும் என்பதற்குப் பெருஞ்சான்று எம்மா கேட்வுட். பதினொரு பிள்ளைகளைப் பெற்று வளர்த்த அவர், 1955-இல் தம் 67-ஆம் வயதில், தாமே தைத்த ஒரு துணிப்பையைத் தோளில் போட்டுக்கொண்டு, கேன்வாஸ் காலணியோடு முழுப் பாதையையும் தனியே நடந்தார். ஒரே பயணத்தில் அப்படி முடித்த முதல் பெண் அவர்தான்.

கோடை வெப்பத்தில் ஊற்றுகள் வற்றுவதால் எங்கே எவ்வளவு நிரப்புவது என்பதே காலையின் முதல் கணக்கு. வெயில் ஏறுமுன் நடந்து, உச்சிவேளையில் நிழலில் படுத்து, மாலையில் மீண்டும் நடக்கிறார்கள். நியூயார்க் மாநிலத்தின் பேர் மலை அருகே, ஒரு சிறு விலங்குக்காட்சிச் சாலைக்குள் பாதையின் மிகத் தாழ்ந்த இடம் வருகிறது. உயரம் 38 மீட்டர். பாதைக்கென்றே அமைத்த முதல் பகுதி 1923-இல் திறக்கப்பட்டதும் இந்தப் பேர் மலைப் பகுதியில்தான்.

ஆகஸ்ட், வெண்மலைகள்

நியூ ஹாம்ப்ஷயரின் வெண்மலைகளில் நாள்தூரம் பாதியாகச் சுருங்குகிறது. செங்குத்தான கற்பாறை ஏற்றங்கள். மரவரம்புக்கு மேலே ஒதுங்க இடம் கிடையாது. 1,917 மீட்டர் உயர வாஷிங்டன் மலையில் 1934-இல் மணிக்கு 372 கிலோமீட்டர் வேகக் காற்று பதிவானது. கோடையிலும் அங்கே உடல்வெப்பம் ஆபத்தான அளவுக்குத் தாழலாம் என்பதால், வானிலை அறிக்கையைக் கேட்காமல் மேலேறுவதில்லை. இடி முழங்கினால் கீழே இறங்கிவிடவேண்டும். மூடுபனியில் பாதையைக் காட்டுபவை கற்குவியல்கள் மட்டுமே. இங்குள்ள மலைவிடுதிகளில் இடம் இருந்தால், சில முழுநடைப் பயணிகள் பாத்திரம் கழுவுதல், தரை பெருக்குதல் போன்ற வேலைகளைச் செய்து, அதற்கு ஈடாக எஞ்சிய உணவும் உணவுக்கூடத் தரையில் படுக்க இடமும் பெறுகிறார்கள்.

பாதையைப் பேணுபவர்களின் உழைப்பு இங்கே நன்றாகத் தெரிகிறது. அதன் பராமரிப்பை ஏறத்தாழ 30 தன்னார்வச் சங்கங்கள் பகுதி பகுதியாகப் பிரித்துக்கொண்டுள்ளன. விழுந்த மரத்தை அறுப்பது, மழைநீர் பாதையை அரிக்காமல் குறுக்கே கல் பதித்து வடியச்செய்வது, படி அமைப்பது, மங்கிய வெள்ளைப் பட்டையை மீண்டும் தீட்டுவது எல்லாம் அவர்கள் பணி. சட்டத்தால் காப்புக்காடாக அறிவிக்கப்பட்ட பகுதிகளில் இயந்திர ரம்பத்துக்குத் தடை இருப்பதால், இருவர் இழுக்கும் கைரம்பத்தாலேயே மரம் அறுக்கிறார்கள். ஊதியமின்றி இத்தனை தலைமுறையாக நடந்துவரும் இந்த வேலை இல்லையென்றால் சில ஆண்டுகளிலேயே காடு பாதையை மூடிவிடும்.

செப்டம்பர், மெய்ன்

மஹூசுக் பள்ளத்தில் ஒன்றரைக் கிலோமீட்டர் தூரம் வீடளவுப் பாறைகளின் இடுக்கில் தவழ்ந்தும் தொங்கியும் செல்லவேண்டும். அதற்கே சில மணி நேரம் ஆகும். கென்னபெக் ஆற்றில் மேலணையிலிருந்து நீர் திறந்தால் வெள்ளம் திடீரென உயர்வதால், நடந்து கடப்பது ஆபத்து. படகுக்காரர் ஒருவர் பயணிகளை அக்கரை சேர்க்கிறார். அந்தப் படகும் பாதையின் அங்கமே என்பதைக் காட்ட, அதன் தரையிலும் வெள்ளைப் பட்டை தீட்டியிருக்கிறார்கள்.

மான்சன் ஊருக்கு அப்பால் நூறு மைல் வனாந்தரம் தொடங்குகிறது. இடையில் ஊர் எதுவும் வராது. பத்து நாள் உணவு வைத்துக்கொள்ளுமாறு முகப்புப் பலகை எச்சரிக்கிறது. அதைக் கடந்தால் பாக்ஸ்டர் மாநிலப் பூங்கா. முன்னாள் ஆளுநர் பெர்சிவல் பாக்ஸ்டர் தம் சொந்தப் பணத்தில் நிலத்தை வாங்கி மக்களுக்கு அளித்த பூங்கா இது. அக்டோபர் 15-க்குப் பிறகு அங்கே இரவு தங்க முடியாது. நடைப்பயணிகள் பூங்காவில் பதிவுசெய்து அனுமதிச்சீட்டு பெற்று, 1,605 மீட்டர் உயரக் கட்டாடினை ஏறத்தாழ எட்டு கிலோமீட்டர் ஏறி அடைகிறார்கள். சிகரத்தில் தங்க அனுமதியில்லை; அன்றே இறங்கிவிடவேண்டும்.

நடந்து முடித்தவர் காப்பமைப்புக்குத் தாமே எழுதித் தெரிவித்தால், 2,000 மைல் நடந்தோர் பட்டியலில் அவர் பெயர் சேர்கிறது. சாட்சி கேட்பதில்லை, நடந்தவரின் சொல்லே போதும். எந்தத் திசையில் நடந்தார், எத்தனை மாதத்தில், எத்தனை ஆண்டில் முடித்தார் என்பவற்றுக்கும் அங்கே மதிப்பெண் இல்லை. ஆண்டுக்குச் சில வாரம் எனப் பிரித்துப் பிரித்து நடந்தவரும் ஒரே மூச்சில் நடந்தவரும் அந்தப் பட்டியலில் சமம். முழுப் பாதையையும் கால்நடையாகக் கடந்திருக்கவேண்டும் என்பது ஒன்றுதான் நிபந்தனை.