பாதி அழிந்த எண்

எனக்கு ஒரு விசித்திரமான பொழுதுபோக்கு உண்டு. பழைய ஜெர்மன் ராணுவ ரைஃபிள்களை வாங்கிச் சேர்ப்பது. "சுடுவியா?" என்பதுதான் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி. இல்லைங்க. இன்றுவரை ஒரு தோட்டாகூட வாங்கியதில்லை. அதில் எழுதியிருப்பதைப் படிக்கத்தான் எனக்கு ஆசை.

நான் இருக்கும் அமெரிக்காவில், 1898-லோ அதற்கு முன்போ செய்யப்பட்ட துப்பாக்கி மத்திய அரசின் சட்டப்படி பழம்பொருள். அதனால் என் சேகரிப்பு 19-ம் நூற்றாண்டோடு நின்றுவிடும். சேகரிப்பு என்றதும் பெரிதாக நினைக்காதீர்கள், மொத்தமே மூன்றுதான் :-)

சரி, அப்படி என்ன எழுதியிருக்கும்? ஜெர்மன்காரர்கள் எதற்கும் கணக்கு வைப்பவர்கள். ஆயுதங்களில் எந்தப் படைப்பிரிவின் குறியை எப்படிப் பொறிக்க வேண்டும் என்று 1877-லேயே விதிமுறைகள் போட்டுவிட்டார்கள். உதாரணமாக "64. ஆர். 7. 112" என்று இருந்தால், 64-வது காலாட்படை ரெஜிமெண்ட், 7-வது கம்பெனி, 112-வது ஆயுதம் என்று பொருள். முன்னால் 'பி' இருந்தால் பவேரியா. இரண்டு 'ஆர்' இருந்தால் ரிசர்வ் ரெஜிமெண்ட். புரிய ஆரம்பித்துவிட்டால் பஸ் நம்பர் படிப்பது மாதிரி சுலபம்.

என்னிடம் இருப்பதில் எனக்கு ரொம்பப் பிடித்தது மாடல் 71/84. மவுசர் 1871-ல் கொடுத்தது ஒவ்வொரு தோட்டாவாகப் போட்டுச் சுடும் ரைஃபிள். அதன் குழலுக்கு அடியில் எட்டுத் தோட்டா பிடிக்கும் இன்னொரு குழாயைச் சேர்த்தால் அதுதான் 71/84. பாவம், அதற்கு வாழ்வு குறைவு. 1886-ல் பிரான்ஸ் புகையில்லாத வெடிமருந்தோடு லெபெல் ரைஃபிளைக் கொண்டுவந்துவிட்டது. பதறிப்போன ஜெர்மனி 1888-லேயே அடுத்த மாடலுக்குத் தாவிவிட்டது.

இந்த 71/84-ல் குறி இருக்கும் இடம், கட்டையின் அடியில் தோளில் பதியும் இரும்புத் தகட்டின் மேல்நுனி. நான் வாங்கியபோது அங்கே ஒரே துரு. 64, ஆர் என்பது மங்கலாகத் தெரிந்தது. 64-வது ரெஜிமெண்ட் பெர்லினுக்கு வடக்கே பிரென்ஸ்லாவ் என்ற சின்ன ஊரில் இருந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. மீதியை உடனே படித்தாக வேண்டும்! விற்றவர், "எண்ணெய் போட்டு ஊறவிடு, பழைய துணியால் துடை, அவசரப்படாதே" என்று படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்.

நான் உப்புத்தாளை எடுத்தேன்.

பத்து நிமிஷம். இரும்பு பளபளவென்று வந்தது. கம்பெனி எண் இருந்த இடத்தில் ஒரு வளைவின் அடிப்பாகம் மட்டும் மிச்சம். அது 3 ஆகவும் இருக்கலாம், 5 ஆகவும் இருக்கலாம், 8 ஆகவும் இருக்கலாம். கடைசியில் 112 மட்டும் தெளிவாக நின்றது. எந்தக் கம்பெனியின் 112 என்று இனி யாராலும் சொல்ல முடியாது.

"ஒரு எண்தானே, விடுடா" என்றான் அறை நண்பன். எனக்கும் அப்படி விடத்தான் ஆசை. ஆனால் பிரஷ்ய ராணுவத்தின் ஆவணங்களில் பெரும்பகுதி 1945 ஏப்ரலில் போட்ஸ்டாமில் குண்டுவீச்சில் எரிந்து போனது. பவேரியாவின் ஆவணங்கள் மியூனிக்கில் தப்பித்துவிட்டன. பிரென்ஸ்லாவ்காரன் பிரஷ்யன். அவன் பெயர் காகிதத்தில் போய்விட்டது. இந்தத் துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு அணிவகுத்தான் என்பதற்கு மிச்சம் இருந்தது அந்த இரும்பில் இருந்த நாலு குறிகள்தான். அதில் ஒன்றை அழித்தது போரோ குண்டோ இல்லை. அவனைப் பற்றித் தெரிந்துகொள்ள ஆசைப்பட்ட நான்.

நூறு வருஷத்துக்கு மேலாக அந்தத் துரு அந்த எண்ணை மூடித்தான் வைத்திருந்தது, அழிக்கவில்லை. இது எனக்கு ரொம்ப லேட்டாகத்தான் உறைத்தது.

மற்ற இரண்டும் இன்னும் துருவோடுதான் இருக்கின்றன. ஒன்றில் முதல் எழுத்து 'பி' மாதிரி தெரிகிறது. வாரம் ஒரு முறை ஒரு சொட்டு எண்ணெய், பழைய பனியன் துணி, அவ்வளவுதான். படிக்க இரண்டு வருஷம் ஆனாலும் ஆகட்டும்.