பந்தயம் கட்ட முடியாத அணி

சட்டம் அனுமதித்த காரியத்துக்கு யாரிடமும் பதில் சொல்லத் தேவையில்லை என்றுதான் பல வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன். அதிலும் நியூஜெர்சிக்கு விளையாட்டுப் பந்தயம் கொல்லைப்புறமாக வந்த விஷயமில்லை. 2011-ல் மக்களே வாக்களித்து வேண்டும் என்றார்கள். மாநில அரசு உச்ச நீதிமன்றம் வரை போய் வழக்காடியது. 1992-ல் மத்திய அரசு போட்ட தடையை 2018 மே 14 அன்று நீதிபதிகள் ரத்து செய்தார்கள். சரியாக ஒரு மாதம் கழித்து, மான்மவுத் பார்க் குதிரைப் பந்தய மைதானத்துக்கு ஆளுநர் ஃபில் மர்ஃபி நேரில் வந்து பந்தயம் கட்டித் தொடங்கிவைத்தார். கால்பந்து உலகக் கோப்பை ஜெர்மனிக்கு என்று 20 டாலர், ஐஸ் ஹாக்கியில் ஸ்டான்லி கோப்பை எங்கள் நியூஜெர்சி டெவில்ஸுக்கு என்று 20 டாலர். ஆளுநரே சீட்டு வாங்குகிற இடத்தில் எனக்கென்ன தயக்கம் என்று தோன்றியது.

நான் வளர்ந்த ஊரில் பஸ் ஸ்டாண்டு வாசலில் லாட்டரிச் சீட்டுகள் சரம் சரமாகத் தொங்கும். 2003-ல் தமிழ்நாட்டில் அதைத் தடை செய்தபோது எங்கள் வீட்டுப் பெரியவர்கள் "அப்பாடா" என்றார்கள். ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று அன்றைக்கே கேட்டு வைத்திருக்கலாம். கேட்கவில்லை.

நியூஜெர்சியில் 2018 ஆகஸ்டிலேயே பந்தயம் போனுக்குள் வந்துவிட்டது. வரிசையில் நிற்க வேண்டாம், யார் முகத்தையும் பார்க்க வேண்டாம். 21 வயது நிரம்பி, மாநில எல்லைக்குள் இருந்தால் போதும். நான் தொடங்கியது டெவில்ஸில். நூவர்க்கில் ப்ருடென்ஷியல் சென்டர் அரங்குக்கு மகளைக் கூட்டிக்கொண்டு போய், ஐஸ் ஹாக்கியின் விதிகளை அவளிடமே கேட்டுத் தெரிந்துகொண்டவன் நான். நம்ம டீமைப் பற்றி நமக்குத் தெரியாததா என்ற தைரியத்தில்தான் பெட் கட்டினேன். அமெரிக்கக் கால்பந்து அணிகளான ஜயன்ட்ஸும் ஜெட்ஸும் பெயரில் நியூயார்க் என்றாலும் ஆடுவது எங்கள் ஈஸ்ட் ரதர்ஃபோர்டில் உள்ள மெட்லைஃப் மைதானத்தில். ஆகவே அவையும் நம்ம டீம்தான். மூன்று அணி இருந்தால் வருஷத்தில் பந்தயம் இல்லாத வாரம் குறைவு.

கணக்குத் தெரியாமல் விழுந்தேன் என்று சொல்ல முடியாது. என் பிழைப்பே எண்களோடுதான். இரண்டு பக்கமும் சம வாய்ப்பு என்று அவர்கள் வைக்கும் பந்தயத்தில் 100 டாலர் ஜெயிக்க 110 டாலர் வைக்க வேண்டும். நூறு பந்தயத்தில் 52-க்கு மேல் ஜெயித்தால்தான் கைக்காசு தப்பும். நாலு முடிவுகளை ஒன்றாகக் கோத்துக் கட்டுகிற 'பார்லே' இன்னும் மோசம். நாலும் பலித்தால் பதின்மூன்று மடங்குக்குச் சற்று மேல் கொடுப்பார்கள், நியாயமாக வர வேண்டியதோ பதினாறு மடங்கு. இதையெல்லாம் அலுவலகத்தில் சக ஊழியர்களுக்குத் தாளில் போட்டு விளக்கியிருக்கிறேன். விளக்கிவிட்டு, ரயிலில் வீடு திரும்பும்போது பார்லே கட்டியிருக்கிறேன். தெரிந்து வைத்திருப்பது நம்மைக் காப்பாற்றும் என்று ஒரு நம்பிக்கை.

எங்கள் மாநிலச் சட்டத்தில் இன்னொரு வேலியும் உண்டு. நியூஜெர்சிக் கல்லூரி அணிகள் ஆடும் ஆட்டத்தின் மேல் இங்கே பந்தயம் கட்டக் கூடாது. ரட்கர்ஸ், சீட்டன் ஹால், பிரின்ஸ்டன் எல்லாமே இதில் அடக்கம். இந்த மாநிலத்துக்குள் நடக்கும் கல்லூரி ஆட்டங்களுக்கும் தடை. பெரியவர்களின் காசு பத்தொன்பது வயசுப் பையன்களின் தலையில் ஏறக் கூடாது என்பது அதற்குச் சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று. எனக்கு அது எரிச்சலாக இருந்தது. கென்டக்கிப் பல்கலைக்கழக அணி மேல் கட்டலாம், பக்கத்துத் தெருக் கல்லூரி மேல் கட்டக் கூடாதா? 2021 நவம்பரில் இந்தத் தடையை எடுக்கலாமா என்று வாக்குச்சீட்டில் கேட்டார்கள். எடுக்கலாம் என்று ஓட்டுப் போட்டேன். என் பக்கம் தோற்றது. மக்களுக்கு விவரம் போதவில்லை என்று மனைவியிடம் குறைப்பட்டுக்கொண்டேன்.

அடுத்த மார்ச்சில் நடந்தது இந்த மாநிலத்தில் பலருக்கும் நினைவிருக்கும். ஜெர்சி சிட்டியில் எங்கள் வீட்டிலிருந்து நடந்து போகும் தூரத்தில், கென்னடி பூல்வார்டில் இருக்கிறது செயின்ட் பீட்டர்ஸ். சென்னை லயோலாவைப் போல இயேசு சபையினர் நடத்துவது. மிகச் சிறிய கல்லூரி. அதன் கூடைப்பந்து அணி தேசியப் போட்டியில் தன் பிரிவின் பதினாறு அணிகளில் பதினைந்தாம் வரிசையில் இடம் பெற்றது. முதல் ஆட்டமே இரண்டாம் வரிசையில் இருந்த கென்டக்கியோடு. கூடுதல் நேரத்துக்குப் போய் 85-79 என்று ஜெயித்தார்கள். அடுத்து மர்ரி ஸ்டேட். பிறகு பிலடெல்பியாவில் பர்டியூ. அந்த அணியில் ஏழடி நாலங்குல உயரத்தில் ஸாக் ஈடி. எங்கள் ஊர்ப் பையன்கள் அவனைச் சுற்றிச் சுற்றி வந்து மறித்தார்கள். 67-64 என்று நிற்கும்போது பர்டியூ எறிந்த கடைசிப் பந்து உள்ளே விழவில்லை. பதினைந்தாம் வரிசை அணி ஒன்று கடைசி எட்டுக்குள் நுழைந்தது அதுவே முதல் தடவை. மகளும் நானும் வாசலுக்கு ஓடினோம். தெருவெல்லாம் கார் ஹாரன். எதிர்வீட்டுக்காரர் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். அதுவரை அவர் பெயர்கூட எனக்குத் தெரியாது.

இரண்டு நாள் கழித்து நார்த் கரோலினாவிடம் 69-49 என்று தோற்றோம். அழுத மகளைத் தேற்றினேன். எனக்கும் தொண்டை அடைத்தது. அந்த ஆட்டங்களின்போது போன் எங்கே கிடந்தது என்றே எனக்கு நினைவில்லை. அவற்றின் மேல் எதையும் கட்ட வழியில்லை. இதை அன்றைக்கு யோசித்திருந்தால் என்னைப் பற்றி எனக்கு ஏதாவது தெரிந்திருக்கும். மறுநாள் காலையே வேறு ஆட்டத்தின் விலைப்பட்டியலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதற்கடுத்த வருஷம் டெவில்ஸ் வரிசையாகப் பதின்மூன்று ஆட்டம் ஜெயித்து 112 புள்ளி எடுத்த வருஷம். முதல் சுற்றில், பக்கத்து ஊர் எதிரியான நியூயார்க் ரேஞ்சர்ஸிடம் சொந்த அரங்கில் முதல் இரண்டு ஆட்டத்தையும் 5-1, 5-1 என்று கொடுத்தார்கள். அங்கிருந்து எழுந்து வந்து 2023 மே 1 அன்று ஏழாவது ஆட்டத்தை 4-0 என்று முடித்தார்கள். நூவர்க்கே ஆடியது. நான் ஆடவில்லை. இரு அணியும் சேர்ந்து ஆறு கோலாவது போடும் என்று கட்டியிருந்தேன். கடைசி நிமிஷங்களில் ரேஞ்சர்ஸ் கோல் போட்டால் தேவலை என்று மனசு கேட்டது. சோர்வு, அவ்வளவுதான் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன்.

அந்த வருஷம் ஜெட்ஸுக்கு நட்சத்திர ஆட்டக்காரர் ஆரன் ராட்ஜர்ஸ் வந்திருந்தார். மகளுக்கு அவருடைய எட்டாம் எண் பச்சை ஜெர்சி வாங்கிக் கொடுத்திருந்தோம். செப்டம்பர் 11, திங்கட்கிழமை ராத்திரி, பஃபலோ பில்ஸோடு முதல் ஆட்டம். கையில் கொடியோடு அவர் மைதானத்துக்குள் ஓடி வந்தபோது மகள் சோபாவின் மேல் ஏறி நின்றாள். தன் நான்காவது ஆட்டநகர்விலேயே அவர் கீழே விழுந்தார். எழுந்தவர் மறுபடி தரையிலேயே உட்கார்ந்தார். இடது குதிகால் தசைநாண் போய்விட்டது.

மகள் பேச்சின்றி உட்கார்ந்திருந்தாள். அவள் தோளில் கை வைத்தேன். மறு கையில் போன். ஆட்டம் நடக்க நடக்க விலை மாறிக்கொண்டே இருக்கும், எந்த நிமிஷமும் கட்டலாம். இடைவேளையில் பஃபலோ 13-3 என்று முன்னால் இருந்தது. பில்ஸ் ஜெயிப்பார்கள் என்று கட்டினேன். கொஞ்சமாக அல்ல. அந்த மாதம் விட்டதையெல்லாம் எடுத்துவிடலாம் என்று ஒரு தொகை.

ஜெட்ஸ் விடவில்லை. பஃபலோ கடைசி விநாடிகளில் ஒரு கோல் உதைத்து 16-16 ஆக்கியது. கூடுதல் நேரம். மணி பதினொன்றைத் தாண்டியிருந்தது. மறுநாள் பள்ளிக்கூடம் இருந்தும் மகளைப் படுக்கப் போகச் சொல்ல எங்களுக்கு மனம் வரவில்லை. பஃபலோ பந்தை உயர உதைத்து ஒப்படைத்தது. அதைப் பிடித்தவர் ஸேவியர் கிப்ஸன். எந்த அணியும் தேர்வில் எடுக்காமல் விட்ட புதுப்பையன். பிடித்தவர் ஒருவனைத் தாண்டினார், ஓரமாக வளைந்தார், முன்னால் வெறும் தரைதான் தெரிந்தது. 65 கெஜம். மகளின் அலறல் கீழ்வீடு வரை கேட்டிருக்கும். மனைவி உள்ளேயிருந்து ஓடி வந்தாள். இருவரும் கைகோத்துக் குதித்தார்கள்.

"அப்பா! பாத்தீங்களா அப்பா!"

பார்த்தேன். அவர் ஓடத் தொடங்கிய கணத்திலிருந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். யாராவது காலை வாரி விடுங்கள் என்று உள்ளே ஒரு குரல் கேட்டது. அது என் குரல். வீட்டில் இரண்டு பேர் நம்ம பையன் ஓடட்டும் என்று கத்த, மூன்றாவது ஆள் அவன் விழட்டும் என்று வேண்டிக்கொண்டிருந்தான். கோட்டைத் தாண்டினார். தோளில் ஏதோ இறங்கியதுபோல் இருந்தது. எழுந்திருக்கப் பார்த்தேன், கால் வரவில்லை. சிரிக்க முயன்றேன். எனக்குப் பழக்கமான முகம் ஒன்று அந்த மாதிரி நேரத்துக்காக வைத்திருந்தேன், அதுவும் வரவில்லை.

அன்று ராத்திரி கணக்கைத் திறந்து பார்த்தேன். வருஷவாரியாக வரவு செலவு எடுக்க ஒரு பக்கம் உண்டு, வரி தாக்கல் செய்பவர்களுக்காக. அதுவரை நான் திறந்ததில்லை. நான் விட்டிருந்த தொகையில் மூன்று பேர் ஊருக்குப் போய் வந்திருக்கலாம். அந்தக் கோடையில் அம்மாவைப் பார்க்கப் போகவில்லை, டிக்கெட் விலை ஏறிவிட்டது என்று மனைவியிடமும் அம்மாவிடமும் சொல்லியிருந்தேன். "அதனால என்ன, அடுத்த வருஷம் வாங்கப்பா" என்றார் அம்மா.

மனைவியிடம் சொல்ல இரண்டு வாரம் எடுத்துக்கொண்டேன். அவள் சத்தம் போடவில்லை. "டிக்கெட்னு ஏன் பொய் சொன்னீங்க?" என்று மட்டும் கேட்டாள். ஒவ்வொரு விளம்பரத்தின் அடியிலும் 1-800-கேம்ப்ளர் என்ற உதவி எண் இருக்கும். ஐந்து வருஷம் கண்ணில் பட்டும் வாசிக்காத எண்ணை அவள்தான் போட்டுக் கொடுத்தாள். மறுமுனையில் இருந்தவர் அதட்டவில்லை, பொறுமையாகக் கேட்டார். மாநிலச் சூதாட்டக் கண்காணிப்புத் துறையிடம் நாமே எழுதிக் கொடுத்து நம்மைத் தள்ளிவைக்கச் சொல்லலாம். குறைந்தது ஓராண்டு. நான் நீண்ட காலத்தைத் தேர்ந்தெடுத்தேன். இதுவும் சட்டம் கொடுத்ததுதான்.

இப்போதும் டெவில்ஸ் ஆட்டம் பார்க்கிறோம். எத்தனை கோல் விழும் என்று மனசு தானாகக் கூட்டிப் பார்க்கிறது. ஆனாலும் போன் வேறு அறையில் இருக்கிறது, கோல் விழுந்தால் நானும் எழுந்து நிற்கிறேன்.

மகள் இந்த வருஷம் கேட்டாள், 21 வயசானால் தானும் கட்டலாமா என்று. வகுப்பில் எல்லாரும் இதையேதான் பேசுகிறார்களாம். முதலில் அந்த 110-க்கு 100 கணக்கைத் தாளில் போட்டுக் காட்டினேன். அது எளிதாக இருந்தது, எனக்குப் பழகிய வேலை. பிறகு, கிப்ஸன் ஓடிய ராத்திரி நான் யார் பக்கம் இருந்தேன் என்று சொன்னேன். அவள் ஆச்சரியப்படவில்லை. நான் எழுந்திருக்காததை அன்றைக்கே பார்த்திருக்கிறாள். உடம்பு சரியில்லை போல என்று நினைத்து, கேட்காமல் இருந்திருக்கிறாள்.