அரைக்கண் விழிப்புக்கு ஒரு திரை

கோவை சரவணம்பட்டியில் அந்தச் சின்ன அலுவலகத்தின் ஓர் அறை பட்டப்பகலிலும் இருட்டாகவே இருக்கிறது. ஜன்னலுக்குக் கனத்த திரை, தரையில் பாய், தலையணை. கனவுகளைக் குறித்துவைக்கும் செயலி ஒன்றை நான்கு பேர் சேர்ந்து உருவாக்குகிறார்கள். புதிதாக ஒரு ஸ்கிரீன் வரைந்தால் கம்ப்யூட்டரில் பார்த்து முடிவெடுப்பதில்லை. பாயில் படுத்து, கொஞ்ச நேரம் கண்ணை மூடி, பிறகு போனைத் துழாவி எடுத்துத்தான் பார்க்கிறார்கள்.

வடிவமைப்பாளர் பொள்ளாச்சிப் பக்கத்துப் பெண். என்னையும் படுக்கச் சொன்னார். "கண்ணாடியக் கழட்டி வெச்சுருங்ணா. தூங்கி எந்திரிக்கறப்ப யாரு கண்ணாடியோட எந்திரிக்கறாங்க?"

முதலில் காட்டியது அவர்களே கழித்துக்கட்டிய பழைய வடிவம். ஊதாவும் நீலமும் குழைந்த வானம், தவழும் மேகம், பின்னணியில் புல்லாங்குழல். அமைதி தருவதாகச் சொல்லிக்கொள்ளும் செயலிகளின் வழக்கமான உடுப்பு. இருட்டில் அது முகத்தில் டார்ச் அடித்த மாதிரி இருந்தது. நீல ஒளிக்கு மிகுதியாக வினைபுரியும் செல்கள் நம் விழித்திரையில் உண்டு. பொழுது விடிந்துவிட்டது என்று மூளைக்குத் தகவல் அனுப்புவதில் அவற்றுக்குப் பெரும் பங்கு. தூக்கமும் போய், மேகத்தை வேடிக்கை பார்த்ததில் கனவும் போய்விடும்.

கனவு காத்திருக்காது என்பதுதான் இந்த வேலையில் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. மூடிய இமைக்குள் விழிகள் வேகமாக அசையும் தூக்கக் கட்டத்தைப் பற்றி சிகாகோ பல்கலைக்கழகத்தின் அசெரின்ஸ்கியும் கிளைட்மனும் 1953இல் எழுதினார்கள். அந்த நேரத்தில் எழுப்பப்பட்டவர்களால் பெரும்பாலும் கனவைச் சொல்ல முடிந்தது. சுமார் 90 நிமிடத்துக்கு ஒருமுறை வரும் அந்தக் கட்டம், விடியல் நெருங்க நெருங்க நீளும். விடிகாலைக் கனவுக்கு நம்மூரில் தனி மதிப்பு இருப்பதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். ஆனால் விழித்த சில நிமிடங்களிலேயே பெரும்பகுதி கலைந்துவிடுகிறது.

ஆகவே இப்போதைய வடிவத்தில் படமே இல்லை. திறந்தால் கரிய திரை. எங்கே தொட்டாலும் ஒலிப்பதிவு தொடங்கும்; தொடங்கிவிட்டது என்பதற்குச் சிறு அதிர்வு. கண்ணைத் திறக்கவே வேண்டாம். பேசி முடித்துப் போனைக் கவிழ்த்தால் பதிவு நிற்கும்.

நான் அதிக நேரம் உட்கார்ந்திருந்தது எழுத்துரு வேலை பார்ப்பவரிடம். பகலில் பழைய பதிவுகளின் பட்டியலைப் பார்க்கும்போதும் கருப்புப் பின்னணிதான். "மெல்லிசு எழுத்த இங்கிலீஷ் தாங்குமுங்ணா, தமிழ் தாங்காது" என்றார். கரிய பரப்பில் தூய வெள்ளை எழுத்து ஒளி கசிந்து பரவுகிறது. ணகர, ஞகரச் சுழிகள் அடைத்துக்கொள்கின்றன. புள்ளி காணாமல் போய், மெய்யெழுத்து உயிர்மெய்யாகிவிடுகிறது. வெள்ளையைச் சற்றே பழுப்பாக மங்கவைத்து, எழுத்தை ஒரு படி கனமாக்கி, புள்ளியைப் பெரிதாக்கியிருக்கிறார். மேல் வரியின் உகரக் குறிகள் கீழ் வரியின் இகரக் குறிகளில் இடிக்காதபடி வரிகளைத் தள்ளிவைத்திருக்கிறார். இவ்வளவும் செய்தபின், பார்ப்பவருக்கு எதுவும் செய்ததாகவே தெரியாது.

பேச்சை எழுத்தாக்கும் மென்பொருளையும் சேர்த்துப் பார்த்திருக்கிறார்கள். தூக்கக் கலக்கத்தில் பாதிச் சொல் வாய்க்குள்ளேயே நின்றுவிடுவதால் அது தன்னிஷ்டத்துக்கு எதையோ எழுதியது. குரலை அப்படியே வைத்துக்கொள்வது என்று விட்டுவிட்டார்கள். அந்தக் குரல் போனைத் தாண்டி வேறெங்கும் போகாது.

சோதித்துப் பார்த்தவர்களில் பலரும் கேட்டது ஒன்றுதான்: பலன் சொல்லாதா? பஞ்சாங்கத்தில் கனவுப் பலன் படித்து வளர்ந்தவர்கள் கேட்கத்தான் செய்வார்கள். குழு மறுத்துவிட்டது. எனக்கு அது சரியென்றே படுகிறது. சிலப்பதிகாரத்தின் கனாத்திறம் உரைத்த காதையில், கண்ணகி கனவைச் சொன்னதும் தோழி தேவந்தி குளத்தில் நீராடிக் காமவேள் கோட்டம் தொழச் சொல்லிப் பரிகாரத்துக்குப் போய்விடுகிறாள். கண்ணகி அதை ஏற்கவில்லை. சொன்னவளுக்குப் பரிகாரம் வேண்டியிருக்கவில்லை.

இந்தத் தொழிலில் செயலியின் வெற்றியை, ஆள் எவ்வளவு நேரம் உள்ளே இருந்தார், எத்தனை நாள் விடாமல் வந்தார் என்றுதான் அளப்பார்கள். தொடர்ந்து வந்த நாள்களைக் காட்டும் எண் இங்கேயும் முதலில் இருந்தது. கனவில்லாமல் நன்றாகத் தூங்கியவருக்கு அது பூஜ்யம் போட்டது. எடுத்துவிட்டார்கள். ஒரு நிமிடத்தில் மூடிவிடுகிற செயலியில் விளம்பரமும் ஓடாது. சம்பளம் வருவது ஜவுளிக்கடைகளுக்கு எழுதித் தரும் பில்லிங் மென்பொருளிலிருந்து.

அன்று மாலை, இரவுப் பணிக்குக் கிளம்பிய ஒரு செவிலியர் வழியில் எட்டிப்பார்த்தார். அவரும் சோதிப்பவர்களில் ஒருவர்.

"கெட்ட கனவச் சொல்லிட்டு உடனே அழிச்சுடறேன் கண்ணு. மறுபடி கேக்கறதுக்கில்ல. ஆனா அந்த அழிக்கற பட்டன் மேல மூலைல இருக்குதே, இருட்டுல கை எட்டறதில்ல" என்றார்.

வடிவமைப்பாளர் சற்று யோசித்தார். "தெரியாம கை பட்டு நல்ல கனவு போயிருச்சுன்னா என்னக்கா பண்றது?"

"போகட்டும்" என்று சொல்லிவிட்டுச் செவிலியர் படியிறங்கினார். அழிக்கும் பட்டன் அடுத்த பதிப்பில் கீழே, பெருவிரலுக்கு எட்டும் இடத்துக்கு வருகிறது.