புல்லும் புல்லின் சாயலும்

நம் ஊர்ப்புறங்களில் புதிதாக எழும் வீடுகளின் முன்றிலில் இக்காலத்தில் ஒரு புதுமையைக் காண்கிறோம். சித்திரை வெயிலிலும் வாடாத பச்சை. வெட்டவும் நீர் ஊற்றவும் வேண்டாத புல். தொட்டுப் பார்த்தால்தான் அது பிளாஸ்டிக் என்பது விளங்கும். பட்டணத்து விடுதிகளை அழகு செய்த இச்செயற்கைப் புல், உத்திரமேரூரைச் சூழ்ந்த சிற்றூர்களுக்கும் வந்து சேர்ந்துவிட்டது.

இதன் பிறப்பு வரலாறு சுவையானது. அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் 1965-ஆம் ஆண்டில் கூரையிட்ட பெரிய விளையாட்டரங்கம் ஒன்று திறக்கப்பட்டது. கூரையின் ஒளிபுகும் பலகைகள் ஆட்டக்காரரின் கண்களைக் கூசச் செய்தமையால் அவற்றின்மீது சாயம் பூசினர். வெளிச்சம் குன்றவே உள்ளிருந்த புல் மடிந்தது. அதற்கு ஈடாக 1966-இல் செயற்கைப் புல்லை விரித்தனர். 1976-இல் மான்ட்ரியல் ஒலிம்பிக்கில் ஹாக்கி ஆட்டமும் செயற்கைத் தளத்துக்கு மாறிற்று. புற்றரையில் பழகிய நம் நாட்டு அணி அங்கு ஏழாம் இடத்துக்கு இறங்கியது. 1980-இல் மாஸ்கோவில், தமிழகத்து வீரர் பாஸ்கரன் தலைமையில், செயற்கைத் தளத்திலேயே தங்கம் வென்றது. ஆகவே, கதிரவன் புகாத அரங்குக்கும் ஓயாது மிதிபடும் ஆடுகளத்துக்கும் அது பயன்படும் பொருளே. வீட்டு முற்றத்துக்கு ஏற்றதா என்பதே கேள்வி.

அண்மையில் புதுவீடு மந்திரிக்கச் சென்ற இடத்தில் இக்கேள்வி என் முன் வந்தது. வெளிநாட்டில் உழைக்கும் மகன், முற்றம் முழுவதும் செயற்கைப் புல் பதிக்க ஏற்பாடு செய்திருந்தார். எழுபது வயது கடந்த தாயார் அதற்கு இசையவில்லை. "சாமி, அம்மாவால் குனிந்து களை பிடுங்க முடியாது, தண்ணீர் தூக்கவும் முடியாது. அவர்களுக்காகத்தான் செய்கிறேன்" என்றார் மகன். "நான் செருப்பில்லாமல் நடக்கிற இடம், சாமி, கோழி மேய்கிற இடம்" என்றார் தாய். இருவர் பேச்சிலும் அன்பே இருந்தது. ஆதலால் தீர்ப்புக் கூறுவது எளிதாயில்லை.

வெயிலை முதலில் எண்ணிப் பார்க்கலாம். உயிருள்ள புல், வேரால் உறிஞ்சிய நீரை இலைவழியே ஆவியாக விட்டுத் தன்னையும் நிலத்தையும் குளிர்விக்கிறது. பிளாஸ்டிக்குக்கு அச்செயல் இல்லை. கடும் வெயிலில் அதன் மேற்பரப்பு 60 பாகை செல்சியசையும் கடக்கக்கூடும். வெறுங்கால் அதைத் தாங்காது. சூடு தணிக்க நீர் தெளித்தால், நீர் மிச்சமாகும் என்னும் வாதம் நலிகிறது. அடியில் சிமெண்டுத் தளம் இட்டுவிட்டாலோ, மழைநீர் மண்ணுக்குள் இறங்காமல் தெருவுக்கு ஓடும். பத்துப் பதினைந்து ஆண்டுகளில் விரிப்பு நைந்துபோகும், ஆனால் மட்காது. ஆடுகளங்களில் இப்புல்லினிடையே தூவப்படும் ரப்பர், பிளாஸ்டிக் துகள்கள் மண்ணிலும் நீரிலும் கலப்பதால், அவற்றின் விற்பனையை 2031-இல் நிறுத்துவதற்கு ஐரோப்பிய ஒன்றியம் 2023-இலேயே விதி செய்துள்ளது.

ஆயினும் மகனின் கவலையைத் தள்ளிவிட இயலாது. நாற்றுப்பண்ணையில் வாங்கும் அழகுப் புல்லுக்குக் கோடையில் ஓயாது நீர் வேண்டும். முதியவர் தனித்து வாழும் இல்லத்தில் அது சுமையே. இங்கேதான் நம் அருகம்புல் துணைக்கு வருகிறது. கணுவுக்குக் கணு வேர்விட்டுப் படரும் அது, கோடையில் காய்ந்தாற்போலத் தோன்றினாலும் மழை கண்டதும் தளிர்க்கும். மணமக்களை அருகுபோல் வேரூன்றி வாழுமாறு நம் முன்னோர் வாழ்த்தியது வீணன்று. எனவே, வாசற்படியருகே நிழலான சிறு இடத்தில் மட்டும் விரிப்பு, முற்றம் அருகுக்கு, களையெடுக்கும் ஆளுக்கு மகன் கூலி அனுப்புவது என்று சொன்னேன். இருவரும் இசைந்தனர்.

பராந்தக சோழன் காலத்தில், 919, 921-ஆம் ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட உத்திரமேரூர்க் கல்வெட்டுகள், ஏரி வாரியம், தோட்ட வாரியம் என்னும் குழுக்களுக்குக் குடவோலை முறையில் ஆட்களைத் தேர்ந்ததைக் கூறுகின்றன. ஏரியும் தோட்டமும் தாமே பிழைத்துக்கொள்ளா. அவற்றைப் பேண ஒருவர் பொறுப்பேற்க வேண்டும் என்பதை அறிந்திருந்த ஊர் இது. முற்றத்துக்கும் அவ்வாறே ஒரு பொறுப்பாளர் வேண்டும். தாயால் இயலாதபோது பிள்ளைகள் ஏற்கலாம்.

செயற்கைப் புல் வாங்க நினைக்கும் அன்பர்கள், விலை பேசுமுன், எங்கேனும் அது பதித்த திறந்தவெளியில் நண்பகலில் வெறுங்காலுடன் சற்று நின்று பார்ப்பார்களாக. நம் வீட்டுக் குழந்தைகளும் முதியோரும் நாள்தோறும் நடக்கப்போகும் இடம் அதுவன்றோ!