தீவு தரும் அமுது

தலயாத்திரை செல்லும் பெரியவர்கள் பலர், புறப்படும்போதே புளியோதரை, முறுக்கு, தண்ணீர்ப் புட்டி என ஒரு பை நிறையக் கட்டிக்கொள்வது வழக்கம். வெளியூர் உணவு ஒத்துக்கொள்ளுமோ என்னும் அச்சம் அந்த வயதுக்கு இயல்பானதே. ஆயினும் ஒரு தலத்தின் அன்னத்தைத் தொடாமல் திரும்புவது, சந்நிதி வரை சென்றும் தீபாராதனை காணாமல் வருவதைப் போன்றது. இந்த உண்மையைத் தன் வரலாற்றிலேயே சுமந்து நிற்கும் தலம், இலங்கையின் வடபால் கடல் சூழ அமைந்த நயினாதீவு.

யாழ்ப்பாணத்திலிருந்து மேற்கே வேலணை, புங்குடுதீவு ஆகிய தீவுகளைக் கடந்து, குறிகட்டுவான் துறையில் படகு ஏறினால், சிறிது நேரத்தில் அருள்மிகு நாகபூசணி அம்மன் ஆலயக் கோபுரம் தெரியும். 2023 அக்டோபரில் நாகப்பட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே பயணியர் கப்பல் தொடங்கப்பட்டதிலிருந்து, தமிழக அன்பர்களின் நாட்டம் இத்தலத்தின்மீது கூடியிருக்கிறது.

மணிமேகலைக் காப்பியம் கூறும் மணிபல்லவத் தீவு இதுவே எனக் கருதுவோர் பலர். அக்காப்பியத்தில் வரும் ஆபுத்திரன் வரலாறு சிந்திக்கத்தக்கது. அள்ள அள்ளக் குறையாத அமுதசுரபி என்னும் பாத்திரம் அவன் கையில் இருந்தது. மழை பெய்து நாடு செழித்தபின், பசி என்று வருவோர் எவரும் இல்லை. பசித்தோரைத் தேடிச் சாவக நாட்டுக்குக் கப்பல் ஏறினான். காற்றின் கொடுமையால் கப்பல் மணிபல்லவத்தில் தங்கியது. அவன் இறங்கியதை அறியாமல் மீகாமன் பாய் விரித்துப் போய்விட்டான். ஆளற்ற தீவில் உண்பார் ஒருவருமின்றிப் பாத்திரத்தை மட்டும் வைத்துக்கொண்டு தன்னுயிரைக் காக்க அவனுக்கு மனமில்லை. அதனைக் கோமுகிப் பொய்கையில் விட்டு, உண்ணாநோன்பிருந்து உயிர் நீத்தான். பின்னாளில் அப்பாத்திரம் மணிமேகலையின் கையை அடைந்ததும், ஆதிரை நல்லாள் அதில் முதல் பிச்சை இட்டதும் யாவரும் அறிந்தவை.

கொடுப்பவன் மட்டும் இருந்தால் அறம் நிறைவதில்லை. மனமுவந்து ஏற்பவனும் வேண்டும் என்பதே ஆபுத்திரன் வாழ்க்கை கற்பிக்கும் பாடம். நயினாதீவில் இன்றும் அன்னதானம் அமுதசுரபியின் பெயராலேயே நடைபெற்று வருகிறது. ஆனி மாதப் பெருந்திருவிழாவில் படகு படகாக வந்திறங்கும் அடியார்கள், ஊர் பேர் கேளாமல் பந்தியில் அமர்த்தப்படுகின்றனர். சோறும் கறியும் எளியவைதாம். ஆனால் தீவில் விளையாத அரிசியும் காயும் கடல் கடந்தே வரவேண்டும் என்பதை எண்ணினால், இலையில் விழும் ஒவ்வொரு கவளத்தின் அருமையும் புலப்படும்.

இனி, அந்த மண்ணே தரும் உணவு. யாழ்ப்பாணத் தீவுகளில் கற்பகத்தரு எனப் போற்றப்படுவது பனை. அதிகாலையில் இறக்கும் பதநீரை அங்குள்ளோர் கருப்பநீர் என்பர். முட்டியில் சுண்ணாம்பு தடவி இறக்குவதால் அது புளிக்காமல் இனிக்கும். அதைக் காய்ச்சினால் பனங்கட்டி. ஓலையில் முடைந்த சிறு குட்டான்களில் வார்த்துத் தருவர். கனிந்த பழத்தின் களியைப் பாயில் ஊற்றி வெயிலில் உலர்த்தினால் பனாட்டு. விதையைப் பாத்தியில் புதைத்துச் சில மாதங்களில் கிண்டி எடுப்பது பனங்கிழங்கு. பச்சையாகப் பிளந்து காயவைத்தால் ஒடியல். அவித்துக் காயவைத்தால் புழுக்கொடியல். ஒடியல் மாவைத் தண்ணீரில் ஊறவைத்து, அந்நீரை வடித்துக் கசப்பு நீக்கிய பின்னரே பிட்டும் கூழும் சமைப்பர்.

இங்கே அன்பர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஒடியல் கூழில் மீனும் நண்டும் சேர்ப்பதே அப்பகுதியின் பொது வழக்கம். ஆதலால் சைவக் கூழா என்று கேட்டறிந்து அருந்துவது நன்று. சர்க்கரை நோய் உள்ளவர்கள் பனங்கட்டியையும் கருப்பநீரையும் அளவறிந்தே கொள்ள வேண்டும்.

கூழ் நம்மவர்க்குப் புதிதன்று. கள்ளக்குறிச்சிப் பக்கம் நைனார்பாளையம் போன்ற ஊர்களில் ஆடி மாதம் அம்மனுக்கு வார்ப்பது கேழ்வரகுக் கூழ். யாழ்ப்பாணத்தில் ஆடிப்பிறப்பன்று காய்ச்சுவது அரிசிமா, பயறு, பனங்கட்டி, தேங்காய்ப்பால் சேர்ந்த இனிப்புக் கூழ். பானையில் வேறுபாடு உண்டு, பக்தியில் இல்லை. கல்வராயன் மலையில் சாமையும் தினையும் எப்படியோ, அப்படியே அந்த மணல் தரைக்குப் பனை. எந்த நிலத்தில் எது விளைகிறதோ, அதுவே அந்நிலத்துத் தெய்வத்துக்கு நைவேத்தியமும் அங்கு வரும் விருந்தினருக்கு உணவும் ஆகிறது.

குடிநீரோ அங்கு பொன்னினும் அரிது. சிறு தீவுகளில் மழைநீர் நிலத்தடியில் உப்புநீரின் மேல் மெல்லிய படலமாகவே தங்கும். அளவோடு இறைத்தால் நன்னீர். பேராசையோடு இறைத்தால் உப்பு மேலேறிக் கிணறே கரித்துவிடும். வங்கிக் கணக்கில் வட்டியை மட்டும் எடுத்து முதலைக் காப்பதைப் போல, தீவு மக்கள் தண்ணீரைக் காத்து வருகின்றனர். அத்தகையோர் விருந்தினருக்கு நீட்டும் ஒரு செம்பு நீரைப் பாதி குடித்து மீதியை மண்ணில் கொட்டுவது பாவம். வெறும் புட்டியைக் கரையோரம் வீசிவருவது அதனினும் பாவம்.

வந்தவரைப் பேணுவது அத்தீவுக்கு ஏட்டளவில் நின்ற அறமன்று. 12-ஆம் நூற்றாண்டில் ஆண்ட முதலாம் பராக்கிரமபாகுவின் தமிழ்க் கல்வெட்டு ஒன்று நயினாதீவில் உள்ளது. ஊராத்துறைக்கு வரும் அயல்நாட்டார் காக்கப்பட வேண்டும் என்று அது கூறுகிறது. யானையும் குதிரையும் கொண்டுவரும் கப்பல் உடைந்தால், நாலில் ஒரு பங்கே அரசுக்கு. மூன்று பங்கு உடையவனுக்கு. வாணிகப் பொருள் ஏற்றிய கப்பலாயின் பாதிக்குப் பாதி. கடலில் யாவும் இழந்து கரையேறியவனிடம் எதை எடுக்கலாம், எதை எடுக்கலாகாது என்று கல்லில் வரையறுத்த கரை அது.

போர்க்காலத்தில் வடபுலத்துப் பனைகள் எண்ணற்றவை அழிந்தன. மரம் ஏறுவோரும் வரவரக் குறைந்து வருகின்றனர். இலங்கையில் 1978-இல் பனை அபிவிருத்திச் சபை அமைக்கப்பட்டது. எனினும் கேட்டு வாங்குவோர் இருந்தால்தான் எந்தத் தொழிலும் நிலைக்கும். அம்மனைத் தொழுது திரும்பும் அன்பர், ஒரு குட்டான் பனங்கட்டியோ ஒரு கட்டுப் புழுக்கொடியலோ வாங்கினால், அது அந்த மண்ணின் அடுப்பு அணையாமல் காக்கும் கைங்கரியம் ஆகும். பந்தியில் அமர அழைத்தால் மறுக்காமல் அமர்வதும் அத்தகையதே. உண்பார் இன்மையால் ஆபுத்திரன் அங்கே பட்ட துயரம் இனி அத்தீவில் எவருக்கும் நேராதிருக்க, அன்னை நாகபூசணி அருள்புரிவாளாக.