பழைய கார் வாங்குமுன் சீட் பெல்ட்டை இழுத்துப் பாருங்கள்

மும்பை மாட்டுங்கா லேபர் கேம்ப்பில் பழைய வேகன்-ஆரோ சான்ட்ரோவோ தேடுகிறவர்கள், பானெட்டைத் திறக்குமுன் சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பாருங்கள். வண்டி வெள்ளத்தில் நின்றதா என்பதை அது காட்டிக்கொடுக்கலாம். 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மி.மீ. மழை கொட்டியது. அது பெருவெள்ளம்தான், ஆனால் சாதாரண மழைக்காலத்திலும் மும்பையில் கார்கள் தண்ணீரில் நிற்கின்றன. கழுவி பாலிஷ் போட்டுவிட்டால் வெளியே ஒன்றும் தெரியாது. பெல்ட்டின் அடிப்பகுதியில் படிந்த சேற்றுக்கறை, சீட்டுக்கு அடியில் போல்ட்டுகளில் ஏறிய துரு, ஸ்டெப்னி குழியில் தங்கிய வண்டல் ஆகியவை அவ்வளவு சுலபமாகப் போவதில்லை.

‘இன்ஜின் நல்லாத்தானே ஓடுது?’ என்பார்கள். ஓடும். ஆனால் வயரிங் இணைப்புகளுக்குள் பச்சை பூத்து, மாதங்கள் கழித்துத்தான் கோளாறு தலைகாட்டும். விலை சல்லிசு என்றால், மிச்சம் பிடித்த பணம் எலக்ட்ரீஷியனிடமே போய்விடலாம். சி.என்.ஜி. வண்டியானால் சிலிண்டர் சோதனைச் சான்றையும் கேட்டு வாங்கிப் பாருங்கள். மூன்று ஆண்டுக்கொருமுறை அந்தச் சோதனை கட்டாயம்.