38,000 ரூபாய் பெட்டியும் ஒரு கேபிள் ஒயரும்

என் மாமாவுக்குப் பாட்டு கேட்பதைத் தவிர வேற செலவு கிடையாது. ரிட்டையர் ஆனதும் நல்ல ஆம்ப்ளிஃபயர், ஸ்பீக்கர் எல்லாம் வாங்கினார். ஆனா பாட்டு ஓடாதப்பவும் ஸ்பீக்கரில் 'உம்ம்ம்' என்று ஒரு இரைச்சல். "உங்க வீட்டு கரண்ட் சுத்தமா இல்ல சார்" என்று கடைக்காரர் ஒரு பவர் கண்டிஷனரைக் கொடுத்தனுப்பினார். ஒரு வாரம் வெச்சுப் பாக்கலாம், பிடிச்சா 38,000 ரூபாய். "இஞ்சினியருக்குத்தானே படிக்கிற, வாங்கலாமா சொல்லுடா" என்றார் மாமா. அவர் பென்ஷனுக்கு அது சின்னத் தொகை இல்ல.

கடைக்காரர் சொன்னது முழுப் பொய்யும் இல்ல. 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் என்று புத்தகத்தில் வரையும் அழகான சைன் அலை எந்த வீட்டு ப்ளக்கிலும் அப்படியே வராது. ஆனா அந்த அலை நேரா ஸ்பீக்கருக்குப் போறதும் இல்லையே! ட்ரான்ஸ்ஃபார்மர் குறைத்து, ரெக்டிஃபயர் டிசி ஆக்கி, கெப்பாசிட்டர்கள் சமப்படுத்திய பிறகுதான் சர்க்யூட்டுக்கே போகுது. அப்புறமும் மிஞ்சும் ரிப்பிளை ஆப்-ஆம்ப் ஒதுக்கிவிடும். ஆடியோவில் ரொம்பப் பழக்கமான 5532 ஐசியின் டேட்டாஷீட்டில் அந்த அளவு 100 டெசிபல். 1 வோல்ட் ரிப்பிள் இருந்தா, உள்ளே 10 மைக்ரோவோல்ட் அளவுக்குத்தான் தெரியும். கண்டிஷனர் செய்யற வேலையில பாதிக்கு மேல ஆம்ப்ளிஃபயர்லயே இருக்கு.

பெட்டியை மாட்டியும் இரைச்சல் போகல. ஒவ்வொரு ஒயரா கழட்டிப் பார்த்தேன். செட்டாப் பாக்ஸுக்கு வரும் கேபிள் டிவி ஒயரைப் பிடுங்கியதும் வீடே அமைதி! அந்த ஒயரின் ஷீல்டு வெளியே எங்கேயோ எர்த் ஆகியிருக்கு, ஆம்ப்ளிஃபயர் எங்க வீட்டு எர்த்தில் இருக்கு. இரண்டுக்கும் நடுவே இருக்கும் சின்ன வோல்டேஜ் வித்தியாசம் ஷீல்டு வழியா கரண்டை ஓட்டும். அதுதான் கிரவுண்ட் லூப். கேபிளில் ஒரு ஐசொலேட்டர் போட்டா போதும், சில நூறு ரூபாய். (சிலர் மூணாவது பின்னையே வெட்டி விடுவாங்க. இரைச்சல் போகும், ஷாக் அடிச்சா உயிரும் போகும். தயவுசெஞ்சு செய்யாதீங்க.)

மாமா விடல. "இரைச்சல் வேற, தெளிவு வேற. பெட்டி போட்டா குரல் முன்னாடி வருதுடா." சரி, சோதிச்சிடலாம். நானும் மாமாவும் வெளியே நிற்க, அத்தை காசு சுண்டி, பூ விழுந்தா பெட்டியில், தலை விழுந்தா சுவரில் ப்ளக்கை மாட்டி, மேல துணி போட்டு மூடிட்டுப் போயிடுவாங்க. பத்து தடவை. மாமா ஆறு சரியாச் சொன்னார். முகத்தில் பெருமை. சும்மா யூகித்தாலே பத்துக்கு ஆறோ அதுக்கு மேலோ சரியாக வர 38 சதவீதம் வாய்ப்பு இருக்கு என்று கணக்குப் போட்டுக் காட்டினேன். ஒன்பது வந்திருந்தா நானே வாங்கச் சொல்லியிருப்பேன், அதுக்கு வாய்ப்பு 1 சதவீதம்தான். மாமா கொஞ்ச நேரம் பேசல. பொய் சொல்ற ஆள் இல்ல அவர். 38,000 ரூபாய் பெட்டி ஓடுதுன்னு தெரிஞ்சா யாருமே கவனமாத்தான் கேட்போம், கவனமா கேட்டா எல்லாமே தெளிவாத்தான் இருக்கும்.

மறுநாள் பெட்டியைக் கடையில் திருப்பிக் கொடுத்தோம். இடி மின்னலுக்கு ஒரு சர்ஜ் புரொடெக்டர் மட்டும் வாங்கியாச்சு. கரண்ட் போனா ஓடும் பழைய ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டரைத்தான் இனி மாத்தணும். அதில் ஃபேனே உறுமுது, ஆம்ப்ளிஃபயர் ட்ரான்ஸ்ஃபார்மரும் கூடவே உறுமுது. சைன் வேவ் இன்வெர்ட்டர் விலையை இப்ப மாமா விசாரிச்சுக்கிட்டு இருக்கார், வேற கடையில்.